கேஐ-67 எண் கெடாமல் இருக்க: சேலத்து நர்சிங் ஹோம்களுக்கு

மார்பகக் கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் புரதம் கேஐ-67. ஓய்வில் உள்ள செல்லில் இது இருக்காது. பிரிகிற செல்லின் உட்கருவில் இருக்கும். இது உள்ள புற்றுச் செல்களின் சதவீதம்தான் ரிப்போர்ட்டில் வரும் எண். அது தப்பாக வந்தால் லேப்பைத்தான் திட்டுகிறோம். பல நேரம் தப்பு ஆபரேஷன் தியேட்டரிலேயே நடந்திருக்கும்.

கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்ட நேரம் இரண்டையும் பாரத்தில் எழுதுங்கள். இடைவெளி 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் அதுவே அதிகம். ஏற்காட்டில் ஊசி பயாப்சி எடுத்தாலும் அங்கேயே ஃபார்மலினில் போட்டுவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் சலைனில் இறங்கி வந்த திசுவை லேப் காப்பாற்ற முடியாது. ஃப்ரீசரில் வைப்பது அதைவிட மோசம்.

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப் போல 10 மடங்கு அளவு. ஊறுகாய் ஜாடியில் திணிப்பது போல முழு மார்பகத்தைச் சின்ன டப்பாவில் அடைத்தால் ஓரம் மட்டும் பதப்படும், நடுவில் அழுகும். பேத்தாலஜிஸ்ட்டிடம் கேட்டு, ஓரங்களுக்கு மை தடவியபின் 5 மி.மீ. துண்டுகளாகக் கீறிவிடுங்கள். ஊற வேண்டியது 6 முதல் 72 மணி நேரம். பொங்கல் லீவில் லேப் மூடியிருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எத்தனை செல் எண்ணினார்கள் என்று பாருங்கள். 100 செல்லில் 20 சதவீதம் என்றால் உண்மை 12க்கும் 28க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். 500 எண்ணினால் அது ஏறக்குறைய 16 முதல் 24 வரை சுருங்கும். ஊடுருவும் புற்றுச் செல்களை மட்டுமே எண்ண வேண்டும். கேஐ-67 உள்ள செல் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். பக்கத்து லிம்போசைட்டும் (வெள்ளை அணு வகை) அப்படித் தெரியலாம், அது சேர்ந்தால் எண் ஏறிவிடும்.

ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) பாசிட்டிவ், ஹெர்2 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) நெகட்டிவ், 5 செ.மீ.க்குள் கட்டி, புற்று பரவிய நெறிகட்டு 3 வரை: இந்த வகையில் கேஐ-67 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால் கீமோ பெரும்பாலும் தேவைப்படாது, 30 அல்லது அதற்கு மேல் என்றால் தேவைப்படலாம். நடுவில் வருவதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கிரேடு, நெறிகட்டு, வயது, வசதியிருந்தால் ஜீன் டெஸ்ட் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேறு லேப்பில் மறுபடி பார்ப்பதென்றால் பாரஃபின் பிளாக்கையே (மெழுகில் பதித்த திசு) கேட்டு வாங்குங்கள். சாயம் போடாமல் வெட்டிப் பல வாரம் வெளியே கிடந்த ஸ்லைடில் கேஐ-67 மங்கி, எண் குறைவாக வரும்.