வீட்டில் இரண்டாவது ரவுட்டர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டி பெரும்பாலும் தானே ஒரு ரவுட்டர்தான். பலர் இதைக் கவனிக்காமல், மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரவுட்டரைத் தேடி எடுத்து, கேபிளை அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வருவதற்கான துளையில், செருகிவிடுகிறார்கள். நெட் வந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகியிருக்கும். மாடியில் உள்ள பிரிண்டர் கீழே உள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பகிர்ந்து வைத்த ஃபோல்டரும் திறக்காது.

அப்படியென்றால் வீட்டுக் கருவிகளை இணைக்கும் லேன் (LAN) போர்ட்டில் செருகினால் போதுமா? போதாது, இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ரவுட்டரில் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு பெட்டிகளும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண், கொடுக்கும், எது முந்துகிறதோ அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், அதனால் காலையில் வேலை செய்த நெட் மாலையில் காரணமே இல்லாமல் நின்றுபோகும், இரண்டுக்குமே 192.168.1.1 என்ற முகவரி இருந்தால் குழப்பம் இன்னும் மோசம். கேபிளை இணைப்பதற்கு முன்பே பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். முதல் பெட்டி அந்த 192.168.1.2-ஐ வேறு எந்தக் கருவிக்கும் கொடுக்காதபடி அதன் முகவரி வரம்பையும் ஒருமுறை பாருங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் அமைப்பு) இருக்கும் ரவுட்டர் என்றால் அதைத் தேர்ந்தெடுத்தாலே இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டு ரவுட்டருக்கும் நடுவே ஒரு கேபிள்தான். வேகம் கூடும் என்று இரண்டு போட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கும் முடங்கும்.

நெட் நின்றால் ரீசெட் பொத்தானை ஊசியால் குத்தாதீர்கள், தயவுசெய்து. ஸ்விட்ச்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் நிறுவனத்தின் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோய், ஆள் வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் நெட் இருக்காது.

அப்புறம் கேபிள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 கம்பிகள் போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் கம்ப்யூட்டரில் 95-ஐத் தாண்டவில்லை என்றால், கேபிளில் ஏதோ ஒரு கம்பி விட்டிருக்கலாம், அல்லது பழைய ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் போகாததாக இருக்கலாம்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள்கூட ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ரவுட்டரிலும் அதை மாற்ற வேண்டும்.