ஸ்டர்ட் பாலைப் பட்டாணியை விதையிலிருந்து வளர்த்தல்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில், நல்ல மழைக்குப் பின் செம்மண்ணில் தரையோடு தரையாகப் படரும் ஸ்டர்ட் பாலைப் பட்டாணியை, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 1961இல் தன் மலர்ச் சின்னமாக அறிவித்தது. 1699இலேயே ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் இதன் மாதிரியைச் சேகரித்துவிட்டார். பெயர் மட்டும், 1844இல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராயப் புறப்பட்ட சார்லஸ் ஸ்டர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 9 செ.மீ. நீளமுள்ள இரத்தச் சிவப்புப் பூவின் நடுவில், மெருகிட்டது போல் மின்னும் கறுப்புப் புடைப்பு இருப்பதால் இதை வேறு செடியென்று மயங்க வழியில்லை.

அரசு நிலத்தில் வளரும் செடியிலிருந்து அனுமதியின்றி விதை எடுப்பது அம்மாநிலத்தில் குற்றமாகும். ஆகவே விதையை வாங்கியே தொடங்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது விதையிடம்தான். ஒரே மழையில் எல்லா விதைகளும் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் கூண்டோடு அழிந்துவிடாதபடி, நீர் புகாத கெட்டித் தோல் அவற்றைப் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கவைக்கிறது. அந்தத் தோலை நாமே திறந்துவிட வேண்டும். விதை காயுடன் ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் முளைக்கரு காயப்படும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவிட்டால், காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். அவற்றை விதைக்கலாம், உப்பாதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்க வேண்டும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கும். இடம் மாற்றினால் அது பொறுக்காது. எனவே பருமணல் மிகுதியாகக் கலந்த, நீர் தேங்காத மண்ணை நிரப்பிய ஆழமான தொட்டியில், இறுதியாக வளரவேண்டிய இடத்திலேயே அரை செ.மீ. ஆழத்தில் விதைப்பது நல்லது. நாள் முழுதும் வெயில் வேண்டும். சாம்பல் நிற இலைகளைப் போர்த்தியுள்ள மென்மயிர் நீரிழப்பைக் குறைப்பதற்கானது; அதன்மேல் நீர் தங்கினால் பூஞ்சணம் எளிதில் பற்றும் என்பதால், மேல்மண் காய்ந்த பிறகு அடிப்பகுதியில் மட்டும் ஊற்ற வேண்டும். வாடிவிடுமோ என்ற கவலையில் தினமும் நீர் ஊற்றுபவர்களே வேரை அழுகவைக்கிறார்கள். இளநாற்றுகளை நத்தைகள் ஓரிரவில் தின்றுவிடும். அந்த வாரங்களில் காவல் தேவை.

செடி பெரும்பாலும் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பூ உதிர்ந்தபின் காய்கள் பழுப்பேறி, வெடிப்பதற்குமுன் பறித்து உலர்த்தி வைத்தால், அந்தக் கெட்டித் தோலே விதைகளை அடுத்த விதைப்புவரை காத்துக்கொள்ளும்.