மூடியைத் தொறக்கறதுதான் வேலை: ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்ல எஸ்எஸ்டி, ரேம் மாத்தற முறை

திருப்பூர்ல எங்க மாமாவோட பனியன் கம்பெனி ஆபீஸ் ரூம்ல ஒரு ஆல்-இன்-ஒன் இருக்குது. திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பா மேஜை மேல நிக்குமே, அந்த வகை. காலையில ஸ்விட்சைத் தட்டிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் தொறந்திருக்காது. "ஏங்கண்ணு, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கீர்லாமா?"ன்னார். "இருங் மாமா, ஒருக்கா தொறந்து பாத்தர்லாம்"னேன்.

உள்ள இருந்தது பழைய ஹார்டு டிஸ்கும் 4 ஜிபி ரேமும். ரெண்டையும் மாத்த பத்து நிமிஷம் ஆச்சு. பின்மூடியைக் கழட்ட முக்கால் மணி நேரம்! அதனால கழட்டறதைப் பத்தித்தான் இங்க அதிகம் சொல்லப்போறேன்.

காசு போடலாமா?

டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. மெமரியை அழுத்தினா ரேம் ஸ்லாட் எத்தனை, அதுல எத்தனை நிரம்பியிருக்குன்னு காட்டும். டிஸ்கை அழுத்தினா எஸ்எஸ்டியா (உள்ள சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), எச்டிடியா (பழைய வகை ஹார்டு டிஸ்க்)ன்னு தெரியும். எச்டிடின்னு இருந்தா, முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். ரேம் அதுக்கப்புறம்.

பிராசசர் எத்தனாவது ஜெனரேஷன்னும் பாத்துக்குங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டோட சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11, இன்டெல்ல பெரும்பாலும் 8ஆம் ஜெனரேஷன்ல இருந்துதான் முறையா ஏத்துக்கும். உங்களது 6ஆம் ஜெனரேஷன்னா எஸ்எஸ்டி மட்டும் போட்டு பில் போடற வேலைக்கு வச்சுக்குங்க. அதுக்கு மேல அதுல காசு கொட்ட வேண்டாங்கறது என் எண்ணம்.

ஆப்பிளோட ஐமேக் வச்சிருக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. 2012 கடைசியில வந்த மெலிசான மாடல்ல இருந்து திரையை டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க. பவர் சப்ளையும் உடம்புக்குள்ளயே இருக்கும். வயரைப் பிடுங்கின பிறகும் அதுல கரண்ட் தங்கும். முதல் தடவைக்கு அது ஆகாது. 2020 வரைக்குமான 27 இஞ்ச் மாடல்ல ரேமுக்குன்னு பின்னாடி தனியா ஒரு கதவு உண்டு, அதை மட்டும் தைரியமாத் தொறக்கலாம். 2021ல வந்த எம்1 மாடல்ல ரேமை மாத்தவே முடியாது.

டெல், எச்பி, லெனோவோ மாதிரி கம்பெனிகள் சர்வீஸ் மேனுவலை இணையத்துல இலவசமாப் போட்டிருக்காங்க. பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பரைப் போட்டுத் தேடி எடுத்துக்குங்க. உங்க மெஷின் பின்மூடி கழள்ற வகையா, முன்னாடி திரை கழள்ற வகையான்னு அதுல படமே இருக்கும். வாரன்டி பாக்கி இருந்தா, தொறந்தா செல்லுமான்னு கேட்டுட்டுத் தொடுங்க.

ரேம் வாங்கறப்ப, கோயம்புத்தூர் காந்திபுரத்துக் கடையோ ஆன்லைனோ, பெரும்பாலான ஆல்-இன்-ஒன்னுக்கு லேப்டாப் ரேம்தான் வேணும். டிடிஆர்3ஆ 4ஆன்னு பாத்து வாங்குங்க. வெட்டு இருக்கற இடம் வேற வேற, மாத்தி வாங்கினா உள்ள போகாது.

கழட்டற நாள்

டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல எடுத்து வைங்க. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா, அதைத் தொறக்கற ரெகவரி கீயையும் எழுதி வைங்க. இது ரெண்டும் இல்லாம ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீங்க.

ஷட்டவுன் பண்ணி, அடாப்டர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பதினஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க. மிச்சக் கரண்ட் இறங்கும். எங்க ஊர்ல இதுக்கு இஸ்திரி மேஜைதான் வசதி. மேல சுத்தமான பருத்தித் துணியை ரெண்டா மடிச்சு விரிச்சு, திரை கீழ பாக்க மெஷினைப் படுக்க வைங்க. பாலியஸ்டர் துணி வேண்டாம், உரசினா ஸ்டேட்டிக் ஏறும். பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.

அப்புறம் ஸ்க்ரூக்களுக்கு ஒரு பேட்டர்ன் அட்டை. மெஷினோட பின்பக்கத்தைப் பேனாவுல அதுல வரைஞ்சு, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துலயே குத்தி வைங்க. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில முறுக்கினா போர்டையே குத்திரும்.

முதல்ல ஸ்டாண்டைக் கழட்டுங்க. அப்புறம் மூடியில கண்ணுக்குத் தெரியற ஸ்க்ரூ. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூ. எங்க மெஷின்ல ஸ்டாண்ட் பொருந்தற இடத்துல, ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருந்துது. அது தெரியாம நான் அரை மணி நேரம் மூடியை இழுத்து, ஆத்திரத்துல தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, ஓரத்துல ஒரு பல் உடைச்சிட்டேன். அந்த இடத்துல இன்னைக்கும் நகம் நுழையற இடைவெளி இருக்கு. சிடி டிரைவ் இருந்தா அதையும் முன்னாடியே உருவிருங்க. பல மாடல்ல ஒரே ஸ்க்ரூலதான் நிக்கும்.

மூடி கிளிப்லதான் மாட்டியிருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டை ஒரு மூலையில நுழைச்சு மெதுவா நகத்துங்க. "டக்"னு ஒரு சத்தம் வந்தா ஒரு கிளிப் விட்டுதுன்னு அர்த்தம். ஒரே பக்கமா இழுக்காம, சுத்தி வந்து கடைசியில தூக்குங்க. தூக்கறப்பவும் ஒரு விரல் அளவு மட்டும். ஸ்பீக்கர் வயரோ திரைக்குப் போற தட்டை கேபிளோ மூடியோட சேந்து வரலாம். பாத்து, பிளக்கைப் பிடிச்சுக் கழட்டுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.

உள்ள

திருப்பூர் மெஷின்னா முதல்ல கண்ணுல படறது பஞ்சுதான். எங்களோடதுல ஃபேன் வாயில ஃபெல்ட் துணி மாதிரி தடிப்பா ஒரு படலம் பிடிச்சிருந்துது. தையல் மெஷின் ஊதற கம்ப்ரசர் பக்கத்துலயே இருக்கேன்னு அதைக் கொண்டாந்துராதீங்க. டேங்க்ல தண்ணி நிக்கும், அதோட காத்து வேகத்துல ஃபேன் தாறுமாறாச் சுத்திக் கெட்டுரும். மெல்லிசு பிரஷ் போதும். இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு படலத்தை உரிச்சு எடுங்க.

ஹார்டு டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துல இருக்கும். சட்டத்தோட வெளிய எடுத்து, டிஸ்கைக் கழட்டி, அதே சட்டத்துல 2.5 இஞ்ச் எஸ்எஸ்டியைப் பொருத்துங்க. சட்டம் 3.5 இஞ்ச்னா எஸ்எஸ்டிக்கு ஒரு அடாப்டர் தட்டு வாங்கணும். போர்டுல எம்.2 ஸ்லாட் (குச்சி மாதிரி சின்ன எஸ்எஸ்டி சொருகற இடம்) காலியா இருந்தா இன்னும் நல்லது, ஆனா அது ஏத்துக்கறது சாட்டா வகையா என்விஎம்இ வகையான்னு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க.

ரேம் சில மாடல்ல ஒரு தகர மூடிக்கு அடியில இருக்கும். ரெண்டு பக்கக் கொக்கியையும் வெளிய தள்ளினா அது தானா எந்திரிக்கும். புதுசைச் சாய்வா, தங்கக் கலர் பட்டை மறையற வரைக்கும் நுழைச்சு, கீழ அமுக்குங்க. கொக்கி ரெண்டும் பிடிச்ச சத்தம் வரணும்.

மூடியை உடனே அடிச்சு மாட்டிராதீங்க. கழட்டின கேபிளையெல்லாம் மாட்டிட்டு, மூடியைச் சும்மா வச்சு, மெஷினை நிமித்தி ஒரு தடவை ஆன் பண்ணுங்க. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற செட்டிங் திரை) புது ரேமும் எஸ்எஸ்டியும் தெரியுதான்னு பாத்துட்டு, திரும்ப ஆஃப் பண்ணி கிளிப்பை அமுக்குங்க. திரை கறுப்பாவே இருந்தா பாதி நேரம் ரேம் சரியா உக்காராததுதான் காரணம். வயரைப் பிடுங்கிட்டுக் கழட்டி மறுபடி போடுங்க.

விண்டோஸைப் புதுசாவே ஏத்துங்க. அப்படியே காப்பி பண்ணினா பழைய குப்பையும் கூடவே வந்துரும். லைசன்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோட ஒட்டியிருக்கறதால, நெட் கனெக்ட் பண்ணினதும் தானா ஆக்டிவேட் ஆயிரும். பழைய ஹார்டு டிஸ்கை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள்ள போட்டு ரெண்டு மாசம் அழிக்காம பீரோவுல வைங்க. டேலியில போன வருஷக் கணக்கு எங்கேன்னு ஆடிட்டர் கேக்கறப்பதான் அது தேவைப்படும்.