ஈவிஏ-வோடு பிஓஇ கலந்து ஃபோம் ஷீட் போடுவது எப்படி

மிட்சோலுக்கு (ஷூ அடிப்பாகத்தின் நடு அடுக்கு) இன்னும் துள்ளல் வேண்டும், மிதித்து மிதித்துத் தட்டையாகவும் கூடாது என்று கேட்டால் ஈவிஏ-வோடு (எத்திலீன் வினைல் அசிடேட், வழக்கமான ஃபோம் பாலிமர்) பிஓஇ (பாலிஓலிஃபின் எலாஸ்டோமர், ரப்பர் போல நெகிழும் பாலிமர்) கலப்பது நல்ல வழி. ஆனால் இரண்டாவது பாலிமர் உள்ளே வந்த பிறகு பழைய ஃபார்முலாவை அப்படியே ஓட்டாதீர்கள்.

பிரஸ்ஸுக்குள் ஒரே சூட்டில் இரண்டு வேலை நடக்கிறது. டைகுமைல் பெராக்சைடு பாலிமர் சங்கிலிகளைக் கிராஸ்லிங்க் செய்கிறது, அதாவது ஒன்றோடொன்று பிணைக்கிறது; ப்ளோயிங் ஏஜென்டான (ஃபோம் பொங்க வாயு தரும் பொருள்) அசோடைகார்பனமைடு உடைந்து பெரும்பாலும் நைட்ரஜனை விடுகிறது. மோல்டு மூடியிருக்கும்வரை அழுத்தத்தால் வாயு கலவைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், திறந்த நொடியில்தான் ஷீட் பொங்கி வெளியே குதிக்கும். அந்த நொடியில் கலவை விரியவும் வேண்டும், கிழியாமல் வாயுவைப் பிடித்து வைக்கவும் வேண்டும். பிஓஇ சேர்த்தால் கிராஸ்லிங்க் ஆகும் வேகமும் அளவும் மாறிவிடும், அதனால் டென்சிட்டியைத் திருத்துவதற்கு முன் பெராக்சைடைத்தான் திருத்த வேண்டும்.

தொடங்குவதற்கு எடைப் பங்கில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஈவிஏ 70, பிஓஇ 30, கால்சியம் கார்பனேட் 5, ஜிங்க் ஆக்சைடு 2, ஸ்டியரிக் ஆசிட் 0.5, அசோடைகார்பனமைடு 2.5, பெராக்சைடு 0.8. ஜிங்க் ஆக்சைடைக் குறைக்காதீர்கள், ஏனென்றால் தனியாக விட்டால் 200 டிகிரிக்கு மேல் உடையும் அசோடைகார்பனமைடை 170 பக்கத்துக்கு இறக்குவதே அதுதான்.

நீடரில் (பிசைந்து கலக்கும் மெஷின்) முதலில் இரண்டு பாலிமரையும் ஒன்றாக உருக்கி, கட்டியில்லாமல் சேர்ந்த பிறகு ஃபில்லர் (கால்சியம் கார்பனேட்), ஜிங்க், ஸ்டியரிக் போடுங்கள். பெராக்சைடும் ப்ளோயிங் ஏஜென்டும் கடைசியில், கலவை 110 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும். பாலிமர்கள் சரியாகக் கலக்காமல் போனால் ஷீட் பின்னால் அடுக்கடுக்காக உரியும், அதை பிரஸ்ஸில் எந்த மாற்றம் செய்தும் சரிக்கட்ட முடியாது. அசோடைகார்பனமைடு தூசி ஆஸ்துமாவைக் கொண்டுவரும், எடை போடுகிறவருக்கு நல்ல மாஸ்க் கட்டாயம்.

அப்புறம் மில்லில் (உருளை மெஷின்) ஷீட் இழுத்து, மோல்டு நிறையும் எடைக்கு வெட்டி, 170 டிகிரியில் பிரஸ் போடுங்கள். எடை குறைந்தால் உள்ளே இடம் கிடைத்து வாயு முன்கூட்டியே குமிழாகிவிடும். பிரஸ்ஸை ஒரே வேகத்தில் சட்டென்று திறக்க வேண்டும், எதிரே யாரும் நிற்கக் கூடாது.

வந்த ஷீட்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் மஞ்சள் தெரிந்தால் ப்ளோயிங் ஏஜென்ட் முழுக்க உடையவில்லை, நேரத்தைக் கூட்டுங்கள். குமிழ்கள் பெரிதாகக் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் கிராஸ்லிங்க் போதவில்லை. சரியாக விரியாமல் மூலையில் வெடித்திருந்தால் பெராக்சைடு அதிகம், 0.05 அளவில் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

சூடான ஷீட்டை உடனே குளிர்காற்றில் போட்டால் சுருங்கும். 70 டிகிரி ஓவனில் வைத்து மெதுவாக இறக்குங்கள். பிஓஇ அதிகமுள்ள ஷீட்டுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மென்மையான பிஓஇ கிரேடுகள் 60 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சூடு தாங்க வேண்டுமென்றால் பிஓஇ-யில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஓபிசி (ஓலிஃபின் பிளாக் கோபாலிமர்) போடலாம், மென்மை குறையாமல் உருகுநிலை 120 பக்கம் வரும், விலைதான் கூடுதல். மிச்சம் கிடக்கிறதே என்று பாலிப்ரோப்பிலீனை மட்டும் சேர்க்காதீர்கள், பெராக்சைடு அதன் சங்கிலியை வெட்டிவிடும்.

பிஓஇ-க்குப் போலாரிட்டி (மூலக்கூறில் மின்முனைத் தன்மை) கிடையாது, அதனால் பசை சரியாகப் பிடிக்காது. பிஓஇ-யை 30-ஐத் தாண்டிக் கூட்டுவதற்கு முன் உங்கள் ப்ரைமரோடு அப்பரில் (ஷூவின் மேல்பாகம்) ஒட்டி, உரித்துப் பார்த்துவிடுங்கள்.