பழைய லெகோ விண்வெளி வீரர்கள்: பாகம் பாகமாகப் பிரித்து ஒப்பிடுவது எப்படி?

பிளாஸ்டிக் கட்டை விளையாட்டுகளைத் தயாரிக்கும் லெகோவின் முதல் விண்வெளித் தொடரில் வீரர் பொம்மைகள் ஐந்து நிறங்களில் வந்தன: 1978இல் சிவப்பு, வெள்ளை, 1979இல் மஞ்சள், 1984இல் நீலம், கறுப்பு. ஐந்தையும் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு பொம்மைகளில் எது எந்தக் காலத்தது என்று சொல்வதுதான் கடினம். பழைய பெட்டிகளில் ஒன்றின் ஹெல்மெட் இன்னொன்றின் தலையில் ஏறியிருப்பது சகஜம். ஆகவே முழுப் பொம்மையை ஒப்பிடாதீர்கள். ஹெல்மெட், ஆக்சிஜன் சிலிண்டர், தலை, உடல், கால் என்று பிரித்து வையுங்கள். கையை மட்டும் உடலிலிருந்து பிடுங்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அங்கேதான் விரிசல் விடும்.

முதலில் ஹெல்மெட்டின் தாடைப் பட்டை. பழைய வார்ப்பில் அது மெல்லியது, நடுவில் விரிசல் விடும். பின்னால் வந்ததில் பட்டை தடித்தது. லெகோ பாகங்களை விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் பட்டியலில் மெல்லியதன் எண் 3842ஏ, தடித்ததன் எண் 3842பி. விரிசலைக் கண்டுபிடிக்க ஹெல்மெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டையை நெம்பிப் பார்த்தால் இல்லாத விரிசலும் வந்துவிடும். கழற்றும்போதும் பட்டையைத் தொடாமல், பின்பக்கத்தைப் பிடித்து மேல்நோக்கி எடுக்க வேண்டும்.

அடுத்து தலையுச்சிக் குமிழ். பழைய தலைகளில் அது கெட்டியாக, துளையில்லாமல் இருக்கும் (3626ஏ). பின்னால் வந்தவற்றில் குமிழ் குழிவானது. 1980ஐச் சேர்ந்தது என்று விற்கப்படும் பொம்மையின் தலையில் குழி தெரிந்தால், தலை மாறியிருக்கிறது என்று பொருள். ஹெல்மெட் மூடிய படத்தில் இது தெரியாது. கழற்றிய படம் கேளுங்கள்.

மார்பிலுள்ள தங்க நிறக் கோள் சின்னத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். விளையாடித் தேய்ந்த அச்சு விளிம்பிலும் மேடான இடத்திலும் சீரற்று மங்கியிருக்கும். பழைய உடலில் அச்சு மட்டும் பளபளவென்று இருந்தால் மறு அச்சாக இருக்கலாம். கழுத்துக் குமிழின் மேல் லெகோ எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உடலின் இரு பக்கமும் கீழிருந்து மேலேறும் மயிரிழை விரிசல் விலையை நன்றாகக் குறைக்கும்.

2022இல் வந்த 10497 கேலக்ஸி எக்ஸ்புளோரர் என்ற லெகோ விண்கலத் தொகுப்பில் சிவப்பில் இருவர், வெள்ளையில் இருவர். ஒப்பிட நல்ல அளவுகோல்; ஆனால் அதன் பாகங்கள் பழையவற்றோடு கலந்துவிடாமல் தனி டப்பாவில் போடுங்கள். 2014இல் வந்த ‘தி லெகோ மூவி’ படத்தின் நீல விண்வெளி வீரர் பென்னியின் உடைந்த பட்டையும் தேய்ந்த சின்னமும் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்யப்பட்டவை. அதைச் சேதம் என்று பதிய வேண்டாம்.

கழுவ 40 டிகிரிக்கு மிகாத நீரும் மென்மையான சோப்பும் போதும். அச்சின் மேல் ஆல்கஹால், அசிட்டோன் படக்கூடாது. மஞ்சளித்த வெள்ளைப் பாகங்களை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து, சில மணி நேரம் வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும். பாகங்கள் மிதந்தால் கண்ணாடித் துண்டால் அழுத்துங்கள்; வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். அச்சுள்ள உடலை இதில் போடாமல் இருப்பதே நல்லது. வெளுத்த பாகம் பிறகு மறுபடி மஞ்சளிக்கக்கூடும் என்பதால், விற்கும்போது வெளுத்ததைச் சொல்லிவிடுங்கள்.

பதிவேட்டில் பொம்மைக்கு ஒரு வரி போதாது, பாகத்துக்கு ஒரு வரி வேண்டும்: வார்ப்பு வகை, விரிசல், சின்னத்தின் அச்சு நிலை, எந்தத் தொகுப்போடு வந்தது. படங்களைச் சாம்பல் நிறத் தாளின் மேல், ஒரே விளக்கின் கீழ் எடுங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தால் மஞ்சளித்த வெள்ளையும் புது வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்.