தேங்காய்க் கழிவில் ராக்கெட் எரிபொருள்: எங்கே சறுக்குகிறது?

பொள்ளாச்சி கயிறு ஆலைகளில் குவியும் நார்க்கழிவையும் காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டியையும் ஹைப்ரிட் ராக்கெட்டில், அதாவது திட எரிபொருள் மேல் தனியே வைத்த ஆக்சிஜனைச் செலுத்தி எரிக்கும் ராக்கெட்டில், எரிக்க முடியுமா? முடியும். ஆனால் ராக்கெட்டை ஒரு சின்ன பாய்லராக நினைத்து இறங்கினால் முதல் அடியிலேயே தப்பு. பாய்லருக்குக் கலோரி போதும். ராக்கெட்டில், நடுவே துளையிட்ட எரிபொருள் உருளையின் உள்சுவர் வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் கரைகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கரைகிறதா என்பதுதான் கேள்வி.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் உருளைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தல்கள். நார்க்கழிவைக் கையால் அழுத்தி உருட்டினால் வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். தீ அந்த இடுக்குகளுக்குள் புகுந்துவிட்டால் எரியும் பரப்பு சட்டென்று பெருகி அழுத்தம் ஏறும், உருளை பிளந்து துண்டு நாசிலை (சூடான வாயு வெளியேறும் குறுகிய வாயை) அடைத்தால் எரிகலனே வெடிக்கலாம். அதனால் நன்றாகச் சலித்த தூளைப் பாரஃபின் மெழுகில் கலந்து வார்ப்பதுதான் நல்லது, மெழுகு வேகமாகவும் கரையும். வார்த்த பிறகு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். எடையையும் கன அளவையும் வைத்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள், இரண்டு உருளைகளுக்குள் வித்தியாசம் வந்தால் அவற்றை எரிக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில் வெயிலில் காயப்போட்டது மட்டும் போதவே போதாது. 105 டிகிரி அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்றாகும் வரை உலர்த்தி, உடனே மெழுகில் போட்டுவிட வேண்டும்.

மெழுகு என்ஜினின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. ஒரு கிலோ மெழுகு முழுதாக எரிய ஏறத்தாழ 3.4 கிலோ ஆக்சிஜன் வேண்டும், நாரிலும் தொட்டியிலும் இருக்கும் செல்லுலோஸுக்கு 1.2 கிலோதான், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜனுக்கும் எரிபொருளுக்குமான விகிதத்தை மாற்றாவிட்டால் மிஞ்சும் ஆக்சிஜன் கிராஃபைட் நாசிலைத் தின்றுவிடும். சரி, நெல் உமி? அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. வேண்டாம்.

வேகமாக எரியட்டும் என்று உருளையில் வெடியுப்பு சேர்ப்பதை மட்டும் செய்யவே கூடாது. எரிபொருளும் ஆக்சிஜனும் தனித்தனியாக இருப்பதுதான் ஹைப்ரிட்டின் பாதுகாப்பே, சேர்த்துவிட்டால் அது வெடிமருந்து, சட்டப்படியும் குற்றமாகலாம். கொப்பரை தொட்ட எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் வால்வையும் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு தானே தீப்பற்றும். ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடையும் சாதுவென்று நம்ப வேண்டாம்: 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில், எரிபொருளே இல்லாமல் அதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்த சோதனையில் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

அப்புறம், வால்வை மூடியதும் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். தொட்டிக்கரி கங்காகக் கிடந்து கனன்றுகொண்டே இருக்கும். நைட்ரஜன் செலுத்தி எரிகலனை ஆறவிட்டு, ஆறியதைத் தூரத்திலிருந்தே வெப்பமானியில் உறுதிசெய்த பிறகு கிட்டே போங்கள்.