உறுப்பினர் அட்டை இல்லாமல் சென்னையில் கோல்ஃப்

டொரொன்டோவில் கோல்ஃப் ஆட யாருடைய தயவும் தேவையில்லை. மாநகராட்சியே ஐந்து மைதானங்கள் நடத்துகிறது. ஸ்கார்பரோ பக்கத்து டாம் ஓஷான்டர் மைதானத்தில் நேரம் பதிவு செய்து காசைக் கட்டினால் போதும். அதே நினைப்பில் மட்டைப் பையோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்காதீர்கள். சென்னையில் மைதானம் என்றால் கிளப், கிளப் என்றால் வாசலிலேயே "யாரோட கெஸ்ட்டு சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் ஆடலாம். நந்தனத்தில், 1873இல் தொடங்கிய காஸ்மாபாலிட்டன் கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போவதுதான் சுலபம். யாரையும் தெரியாதா? சித்தப்பாவோடு வேலை பார்த்தவர், மச்சானின் ஆடிட்டர் என்று விசாரியுங்கள். எனக்கு ஆள் கிடைத்தது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வருவதற்குள். இல்லாவிட்டால், உங்கள் ஊர் கிளப்புக்குச் சென்னைக் கிளப் எதனுடனாவது பரஸ்பர ஏற்பாடு உண்டா என்று பார்த்து, அறிமுகக் கடிதம் வாங்கி வாருங்கள். விருந்தினர் கட்டணம், அனுமதிக்கும் கிழமைகள், வாடகை மட்டை, ஹேண்டிகேப் சான்று (உங்கள் ஆட்டத் திறனை எண்ணில் சொல்லும் சான்று) எல்லாவற்றையும் விமானம் ஏறும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். வாடகை மட்டை கிடைத்தால் பையைக் கொண்டுவரவே வேண்டாம். ஆட்டோவில் அதைக் குறுக்கே வைத்தால் நாம் வெளியே தொங்க வேண்டியதுதான்.

கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் ஜிம்கானா கிளப் மைதானத்தில் ஆடியதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து அந்த இடத்துக்குச் சீல் வைத்தது. விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காலர் வைத்த பனியன் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டக்கழுத்தோடு போய் ஓரிடத்தில் வாசலிலேயே திரும்பியவன் நான். (கிளப்புக்குள் வேட்டியைத் தடுக்கக் கூடாதென்று 2014இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அதைக் கட்டிக்கொண்டு மட்டை வீசுவது உங்கள் சாமர்த்தியம்.)

மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு யோகம்: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். மே மாதமென்றால் விடியும்போதே முதல் பந்தை அடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஆளைச் சாய்த்துவிடும்.

அப்புறம், கேடி, அதாவது மைதானத்தில் நம் மட்டைப் பையோடு கூடவே வருகிற உதவியாள். பையைத் தூக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். பனி ஈரத்தில் பந்து கோடு போட்டுக்கொண்டு போகும் கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடம்) நான் நேராகக் குறி வைத்தேன். அவர் குனிந்து புல் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்து, "ரெண்டு கப்பு லெஃப்ட்டு சார், லேசா தட்டுங்க" என்றார். கப் என்றால் குழியின் அகலம். என் கணக்கே சரி என்று நேராகத் தட்டினேன். பந்து இரண்டு கப் வலப்பக்கம் போய் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தார். அவருக்குத் தர சில்லறை நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள்.